தகடூருக்கு ஒரு வரி

அவையில் வீற்றிருக்கும் பெரியவர்களுக்கும், ஆசிரியப் பெருமக்களுக்கும், இடம் போதாமல் முன்னால் தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் என் வணக்கம்.

பேச்சைத் தொடங்குமுன் இந்தக் கரும்பலகையில் ஒரு வரி எழுதிவிடுகிறேன். பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

"ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி."

ஈத்த என்றால் கொடுத்த. பாளி என்றால் முனிவர் தங்கும் குகை, பள்ளி. அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த பள்ளி. இதுதான் பொருள். திருக்கோவலூருக்குப் பக்கத்தில் ஜம்பை என்றொரு சிற்றூர். அங்கே ஒரு குன்றின் குகையில் தமிழ்ப் பிராமி என்ற பழந்தமிழ் எழுத்தில் இந்த வரி இருக்கிறது. தமிழ்நாடு தொல்லியல் துறையினர் 1981இல் கண்டுபிடித்தார்கள். 'ன்' வரவேண்டிய இடத்தில் 'ந்' இருப்பதைப் பார்த்து நான் தவறாக எழுதிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். கல்லில் அப்படித்தான் இருக்கிறது.

நம் தருமபுரியின் பழைய பெயர் தகடூர். அதியமான் நம் ஊர்க்காரர். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த கதை மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அவர் பெயரைக் கல்லில் பார்த்தவர்கள் இந்த அரங்கில் எத்தனை பேர்? கை தூக்கச் சொல்லி யாரையும் சங்கடப்படுத்த மாட்டேன். நானே ஐம்பது வயதுக்குமேல்தான் போய்ப் பார்த்தேன்.

இந்த மாதிரி வரிகளை நாம் நம்பி வாசிக்கும்படி செய்த ஒருவரைப் பற்றிப் பேசத்தான் என்னை இன்று அழைத்தீர்கள். ஐராவதம் மகாதேவன். 1930இல் பிறந்து 2018 நவம்பரில் மறைந்தவர். கல்லூரியில் படித்தது வேதியியல், பிறகு சட்டம். 1954இல் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்தார். 1980இல் தாமே விருப்ப ஓய்வு பெற்றார். 1987 முதல் 1991 வரை தினமணி ஆசிரியர். எங்கள் ஊர் டீக்கடையில் அந்தக் காலத்தில் நாங்கள் நான்கு பேர் ஒரே தாளைப் பிரித்துப் பிரித்துப் படிப்போம். நாளிதழை நடத்துகிற இவர்தான் மலைக்குகைகளில் தவழ்ந்து எழுத்துகளைப் படித்தவர் என்பது அப்போது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

அவர் எடுத்துக்கொண்ட சிக்கல் என்ன என்பதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன். அது விளங்கினால்தான் அவர் உழைப்பின் எடை தெரியும்.

பாண்டிநாட்டு மலைகளிலும் கொங்குநாட்டு மலைகளிலும் குகைகள் இருக்கின்றன. உள்ளே கல்லில் படுக்கை வெட்டி, தலைமாட்டில் தலையணைபோல் மேடு விட்டிருப்பார்கள். குகையின் நெற்றியில் நீளமாக ஒரு காடி வெட்டியிருப்பார்கள். மழைநீர் உள்ளே வழியாமல் வெளியே சொட்டுவதற்கு. அந்தக் காடியை ஒட்டியோ படுக்கையின் ஓரத்திலோ ஒரு வரி, இரண்டு வரி எழுத்து. சமண முனிவர்கள் ஓரிடத்தில் தங்காமல் நடந்துகொண்டே இருப்பவர்கள். மழைக்கால நான்கு மாதம் மட்டும், நடந்தால் புழுபூச்சி மிதிபடும் என்று ஓரிடத்தில் தங்குவார்கள். அவர்களுக்கு இந்தப் படுக்கைகளை வெட்டிக் கொடுத்தவர்கள் தங்கள் பெயரை எழுதிவைத்தார்கள். அரசர் மட்டுமல்ல, வணிகரும் கொடுத்திருக்கிறார்கள்.

எழுத்து அசோகருடைய பிராமி போலத்தான் இருந்தது. ஆனால் அசோகர் கல்வெட்டை வாசிக்கிற முறையில் வாசித்தால் ஒன்றும் பிடிபடவில்லை. 1924இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் இவை தமிழ் என்று எடுத்துக்காட்டினார். ழ, ள, ற, ன என்ற தமிழுக்கே உரிய ஒலிகளுக்குத் தனி எழுத்து இருக்கிறது, வல்லினத்தில் க, ச, ட, த, ப மட்டும் வருகிறது என்று அடையாளம் சொன்னார். பெரிய திறப்பு அது. அதன்பின் நாற்பது ஆண்டு அந்தக் கதவு அப்படியே கிடந்தது. வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரியார் தூண்ட, மகாதேவன் 1960களில் இதில் இறங்கினார்.

ஒரே ஒரு எடுத்துக்காட்டு. 'மகன்' என்ற சொல். பழைய குகை எழுத்தில் இதை மா, கா, ன என்று மூன்று எழுத்தாக எழுதியிருப்பார்கள். நேரே வாசித்தால் 'மாகான'. பொருளே இல்லை. ஆனால் அந்த முறையில் வெறும் எழுத்து மெய்யைக் குறிக்கும். பக்கத்தில் கோடு இழுத்தால்தான் அகரம் சேரும். இது தெரிந்தால் 'மகன்' கையில் விழுந்துவிடும். பிறகு வந்த தலைமுறை வேறு மாதிரி எழுதியது. அதற்கும் பின்னால் மெய்யின்மேல் புள்ளி வந்தது. "மெய்யின் இயற்கை புள்ளியொடு நிலையல்" என்று தொல்காப்பியத்தில் மனப்பாடம் செய்கிறோமே, அந்தப் புள்ளி. இந்த மூன்று முறைகளையும் பிரித்து, எந்தக் கல் எந்த முறையில் எழுதப்பட்டது என்று ஒவ்வொன்றாக வைத்துக் காட்டியது மகாதேவன் செய்த வேலை. ஒரு புள்ளி இருக்கிறதா, அது பாறையில் இயற்கையாக விழுந்த குழியா என்பதற்காக ஒரே மலைக்குத் திரும்பத் திரும்ப ஏறுகிற வேலை.

கரூர்ப் பக்கம் புகளூரில் ஆறுநாட்டார் மலை இருக்கிறது. மேலே முருகன் கோயில், பாறையில் குகை. அங்கே உள்ள கல்வெட்டை அவர் வாசித்தார். யாற்றூர் செங்காயபன் என்ற மூத்த அமணர், அதாவது சமண முனிவர், தங்குவதற்காக, கோ ஆதன் செல்லிரும்பொறை மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ இளவரசன் ஆனபோது அறுத்த கல் என்று இருந்தது. பாட்டன், தகப்பன், பேரன் என்று மூன்று தலைமுறைச் சேரர் ஒரே கல்லில். சேர அரசர்களைப் பாடும் சங்க நூலான பதிற்றுப்பத்தின் ஏழாம், எட்டாம், ஒன்பதாம் பத்துகளின் தலைவர்களோடு இவர்களைப் பொருத்திக் காட்டினார். புலவர் கற்பனை என்று ஒதுக்கப்பட்டவர்களுக்குக் கல் சாட்சி சொன்னது.

இனி நம் ஊர்க்காரர்கள் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டிய இடம். எட்டாம் பத்தின் தலைவன் யார்? தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை. நம் கோட்டையை உடைத்தவன். அரிசில்கிழார் பாடிய அந்த வெற்றி நமக்குத் தோல்வி. அந்தச் சேரர் குடி புகளூரில் ஓர் அமண முனிவருக்குக் கல் அறுத்துக் கொடுக்கிறது. அவர்கள் பகைத்த அதியர் குடி ஜம்பையில் பாளி கொடுக்கிறது. ஜம்பையை எழுத்தமைதி கொண்டு கி.பி. 1ஆம் நூற்றாண்டில் வைத்தார் மகாதேவன். புகளூர் அதற்குப் பிந்தியது. ஆகவே ஜம்பை அஞ்சியும் தகடூர்ப் போரில் நின்ற அதியமானும் ஒரே ஆள் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். குடி ஒன்று. களத்தில் எதிரெதிரே நின்ற இரண்டு குடியும், ஆயுதமே தொடாத துறவிகளுக்கு மழைக்கு ஒதுங்க இடம் கொடுத்திருக்கிறது. இதை முதன்முதலில் சேர்த்துப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

தகடூர்த் தலைவனுக்குத் திருக்கோவலூரில் என்ன வேலை என்று ஒரு மாணவர் முன்பு கேட்டார். விடை புறநானூறு 99இல் இருக்கிறது. ஔவை பாடியது. "முரண்மிகு கோவலூர் நூறி" என்கிறார். அஞ்சி கோவலூரை வென்றதைப் பரணர் பாடினார் என்றும் அதே பாட்டில் குறிக்கிறார். அந்தப் பாட்டின் தொடக்கம் இன்னும் அழகு. அதியமானின் முன்னோர் தேவர்களைப் பேணினார்கள், வேள்வியில் ஆவுதி கொடுத்தார்கள், "கரும்பு இவண் தந்தும்", அதாவது கரும்பை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள் என்கிறார். பாலக்கோட்டுப் பக்கம் கரும்பு வெட்டுகிற கைகளுக்கு இந்த வரி உறவு. வேள்வி செய்த குடியில் வந்தவர் சமணருக்குப் பள்ளி கொடுத்தார். அந்தக் காலத்தில் இரண்டுக்கும் ஒரே வீட்டில் இடம் இருந்தது.

அந்த முதல் சொல்லுக்கு வருகிறேன். ஸதியபுதோ. அசோகர் தம் இரண்டாம் பாறைக் கல்வெட்டில் தம் எல்லைக்கு வெளியே இருந்தவர்களைச் சொல்லும்போது சோழர், பாண்டியர், ஸதியபுதர், கேரளபுதர் என்று அடுக்குகிறார். மற்ற மூவரும் தெரிந்தவர்கள். இந்த ஸதியபுதர் யார் என்று அறிஞர்கள் பல காலம் வழக்காடினார்கள். கோசர் என்றார்கள், துளுநாடு என்றார்கள். 'ஸதிய' என்பதே 'அதிய' ஆகியிருக்கும், 'புதோ' என்பது 'மகன்', அதுதான் 'மான்' ஆனது என்று சொன்னவர்களும் உண்டு. கையில் சான்று இல்லை. ஜம்பைக் கல்லில் இரண்டு பெயரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. மூவேந்தர் வரிசையோடு சேர்த்து அசோகர் சொன்ன நான்காமவர் நம் தகடூர்க் குடி. ஆறு சொல்லுக்குள் இவ்வளவு.

சமணம் இங்கே அத்தோடு முடியவில்லை. 9ஆம் நூற்றாண்டின் இறுதியில், நுளம்ப அரசன் மகேந்திரன் காலத்தில், நிதியண்ணன், சந்தியண்ணன் என்ற இருவர் இதே தகடூரில் ஒரு சமண பசதி, அதாவது சமணக் கோயில், கட்டினார்கள். அதைச் சொல்லும் கல்வெட்டு கன்னடத்தில் இருக்கிறது. வீட்டில் கன்னடம் பேசுகிற பிள்ளைகள் இந்த அரங்கிலும் இருக்கிறீர்கள். அது உங்கள் பாட்டன் எழுத்தும்தான். அதற்கும் சில நூற்றாண்டு கழித்து, போளூருக்குப் பக்கத்துத் திருமலையில், முன்னோன் எழினி செய்து வைத்த இயக்கன் இயக்கி என்ற சமணக் காவல் தெய்வங்களின் சிலைகள் பழுதாகிக் கிடந்ததைத் திருத்தி மறுபடி நிறுத்தினார் ஒருவர். விடுகாதழகிய பெருமாள். தகடையின், அதாவது தகடூரின், தலைவன் என்று கல்வெட்டு சொல்கிறது, அஞ்சியின் வழிவந்தவன் என்றும் சொல்கிறது. ஜம்பைக்கும் இதற்கும் நடுவே ஆயிரம் ஆண்டுக்கு மேல். ஒரு குடி தன் பழைய கொடையை அவ்வளவு காலம் நினைவில் வைத்திருந்தது.

மகாதேவனிடம் நான் மிகவும் மதிப்பது ஒன்று உண்டு. 1966இலேயே குகைக் கல்வெட்டுகளின் தொகுப்பை அவர் வெளியிட்டுவிட்டார். பேரும் வந்துவிட்டது. அதன்பின் சிந்துவெளி எழுத்துக்குப் போனார், 1977இல் எந்தக் குறி எங்கெங்கே வருகிறது என்று காட்டும் பெரிய தொடரடைவு ஒன்றை அதற்குக் கொடுத்தார், பிறகு நாளிதழ். அறுபது வயதுக்குமேல் மறுபடி அந்தக் குகைகளுக்கே திரும்பினார். பழைய வாசிப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கல்லையும் புதிதாகப் பார்த்துப் படி எடுத்தார். தம் பழைய வாசிப்பில் பிழை கண்ட இடத்தில் திருத்தினார். இறுதி நூல் வந்தது 2003இல். முதல் தொகுப்புக்கும் இதற்கும் முப்பத்தேழு ஆண்டு. அவர் முடிவுகளில் சிலவற்றை, குறிப்பாகக் காலக் கணிப்பை, இன்றைய அகழாய்வாளர்கள் மறுக்கிறார்கள். மறுக்கட்டும். எதைப் பார்த்தேன், எப்படி வாசித்தேன் என்று எல்லாவற்றையும் மேசையில் விரித்து வைத்துவிட்டுப் போனவரோடுதான் வழக்காட முடியும்.

என்னுடைய கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மறைக்க மனமில்லை. எங்கள் ஊர்ப் புளியமரத்தடியில் ஒரு வேடியப்பன் கல். வில்லோடு ஒரு வீரன், மேலே மூன்று வரி எழுத்து. நம் மாவட்டத்தில் நடுகல்லை வேடியப்பன் என்று கும்பிடாத ஊர் குறைவு. ஒரு திருவிழாவுக்கு அந்தக் கல்லுக்கு எனாமல் பெயின்ட் அடித்தார்கள். டப்பாவைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவன் நான். அப்போதே ஆசிரியர் வேலையில் இருந்தேன். எழுத்து மறைவதைப் பார்த்தேன், சொல்லத் தோன்றவில்லை. இன்றுவரை அந்த மூன்று வரி என்ன என்று எவருக்கும் தெரியாது.

வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு இந்த அரங்கின் வாசலிலிருந்து வண்டி புறப்படும். அரூர், ஊத்தங்கரை, திருவண்ணாமலை வழியாக ஜம்பை போகிறோம். மதியச் சாப்பாடு கட்டிக்கொண்டு வாருங்கள், தண்ணீர் நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று சாக்பீஸால் கல்லின்மேல் எழுதுகிற பழக்கம் பலருக்கு இருக்கிறது. சாக்பீஸ் வேண்டாம். சாய்வெயில் விழுகிற நேரத்தில் பக்கவாட்டில் நின்று பார்த்தால் எழுத்து தானே எழுந்து வரும். முதல் எழுத்து 'ஸ'. அதைக் கண்டுபிடிக்கிற பிள்ளை மற்றவர்களுக்குக் காட்டட்டும்.