காளை எங்கே?

பெரியோர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே,

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் உலக மதங்களுக்கென்றே செயின்ட் மங்கோ அருங்காட்சியகம் 1993 முதல் இருக்கிறது. அங்கே நம் நடராசரும் உண்டு; நுழைவுக் கட்டணம் கிடையாது. பிள்ளைகள் அந்தப் பக்கம் வேலையில் இருந்தால் அவசியம் போய்ப் பாருங்கள். நம் டெல்டாவிலோ அதே செல்வம் ஒரே கூரைக்குள் இல்லை. தஞ்சையிலிருந்து கடற்கரை வரை சிதறிக் கிடக்கிறது. மயிலாடுதுறையில் இருக்கும் நமக்கு எல்லாமே பக்கம்தான்.

முதலில் தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடம். மதியம் கோயில் நடை சாத்தியிருக்கும் நேரத்தை இதற்கு வைத்துக்கொள்ளுங்கள். காலையில் பெரிய கோயில், வெயில் ஏறியதும் கலைக்கூடம். அரண்மனை மணிக்கோபுரத்தின் படிகள் குறுகல், செங்குத்து. மூட்டுவலிக்காரர்கள் அதில் ஏறவேண்டாம். செப்புத் திருமேனிகளைப் பார்க்க அதில் ஏறத் தேவையும் இல்லை.

அங்கே திருவெண்காட்டு ரிஷபவாகனரை, அதாவது காளையோடு நிற்கும் சிவனைத் தேடிப் பிடியுங்கள். 1011-இல், இராசராசன் காலத்தில் வார்த்தது. அம்மன் அடுத்த ஆண்டு வந்தாள். சுவாமியின் ஒரு கை மடங்கி, எதன்மேலோ சாய்ந்தாற்போல் அந்தரத்தில் நிற்கும். பிள்ளைகள் "காளை எங்கே?" என்று கேட்பார்கள். காளை கிடைக்கவில்லை. அந்தக் கை மட்டும் அதை இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. பிறகு பீடத்தைக் குனிந்து பாருங்கள். புறப்பாட்டில் தண்டு கோக்கும் துளைகளும், சுவாமியைச் சுற்றி வளைவாக நிற்கும் திருவாசியைப் பொருத்தும் முளைகளும் தெரியும். கோயிலில் பட்டும் மாலையும் மூடியிருப்பதால் உற்சவரின் இடுப்பு வளைவையோ விரல் நுனியையோ நாம் முழுதாகப் பார்ப்பதே இல்லை. இங்கே பார்க்கலாம்.

ஒன்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பக்தி மிகுதியில் பாதத்தைத் தொடாதீர்கள், காசு வைக்காதீர்கள். வியர்வையில் உப்பு இருக்கிறது. அது செம்பைப் பிடித்தால் வெளிர்பச்சைப் பொடியாகப் பூத்து உலோகத்தை உள்ளே அரிக்கும். துடைத்தாலும் போகாது. கண்ணாடிக்குள் இருப்பதைப் படம் எடுக்கும்போது ஃபிளாஷை அணைத்துவிட்டுச் சற்றுச் சாய்வாக நில்லுங்கள். நேராக நின்றால் உங்கள் முகம்தான் விழும்.

தஞ்சையோடு நிறுத்திவிடாமல், சீர்காழியிலிருந்து பூம்புகார் பஸ் ஏறித் திருவெண்காட்டிலும் இறங்குங்கள். திருமேனி கிளம்பிய வீட்டையும் பார்த்தால்தான் பார்வை முழுமையாகும்.

அடுத்து தரங்கம்பாடி. ரயில் தேடாதீர்கள், மயிலாடுதுறையிலிருந்து போன பாதை 1986-இல் மூடப்பட்டது. ஆக்கூர், பொறையாறு வழியாகப் பஸ் போகிறது. 1620-இல் ரகுநாத நாயக்கரின் அனுமதியோடு டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டைக்குள் அருங்காட்சியகம் இருக்கிறது. 1706-இல் வந்த ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு அச்சிட்ட தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் இந்த ஊரில்தான் முடிந்தது. அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அவர் கல்லறையும் உண்டு. ஆலயமும், கோட்டையும், கடல் அரித்த மாசிலாமணிநாதர் கோயிலும் நடக்கும் தூரம்தான். நிழல் குறைவு; காலையிலேயே போய்விடுங்கள்.

அங்கிருந்து காரைக்கால் வழியாக நாகூர். தர்காவின் மிக உயரமான மினாரா 131 அடி. கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங்.

நாகப்பட்டினத்தில்தான் பலர் ஏமாந்து திரும்புகிறார்கள். சூடாமணி விகாரை என்ற பழைய பௌத்த மடத்தைத் தேடிப்போனால் அங்கே எதுவும் இல்லை. கடல் கடந்த சுமத்திராவின் ஸ்ரீவிஜய அரசர் எழுப்பி, இராசராசன் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை எழுதிக்கொடுத்த இடம் அது. எஞ்சி நின்ற செங்கல் கோபுரமும் 1867-இல் இடிக்கப்பட்டது. 1856 முதல் அந்த மண்ணில் சுமார் 350 பௌத்தச் செப்புத் திருமேனிகள் கிடைத்தன. அவற்றில் பல சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நாகையின் புத்தரைப் பார்க்க நாகைக்காரர் சென்னைக்குத்தான் போகவேண்டும். ரயிலில் எழும்பூரில் இறங்கியதும் பாந்தியன் சாலைக்கு ஆட்டோ பிடியுங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்று விடுமுறை.