முதலில் துளை, பிறகு மரை

நேயர்களுக்கு வணக்கம்.

இரும்புச் சட்டத்தின் மேல் கூரைத் தகடு பொருத்தும் இடத்தில் நின்று, காதை மட்டும் கொடுத்துப் பாருங்கள். மெஷினின் சத்தம் முதலில் ஒரே சீராக, கூர்மையாக இருக்கும். சில விநாடிகள் கழித்துச் சட்டென்று தாழும். அடுத்த நொடியே இன்னும் கனத்து நின்றுவிடும். அந்த மூன்று சத்தங்களும் மூன்று வேலைகள். முதல் சத்தத்தில் திருகாணி தனக்கு வேண்டிய துளையைத் தானே போட்டுக்கொள்கிறது. இரண்டாவது சத்தத்தில் அந்தத் துளையின் சுவரை அழுத்தி, தனக்கு வேண்டிய மரையை, அதாவது திருகு வரிகளை, தானே உண்டாக்கிக்கொள்கிறது. மூன்றாவதில் அதன் தலை வந்து தகட்டை அமுக்கிப் பிடிக்கிறது. கடைகளில் செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூ என்று கேட்டு வாங்குகிறோமே, அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

இது வருவதற்கு முன்பு தகட்டுக் கூரை வேலை எப்படி நடந்தது என்பது பலருக்கு நினைவிருக்கும். தகட்டில் தனியாகத் துளை போட வேண்டும். ஜே வடிவில் வளைத்த போல்ட்டைச் சட்டத்தில் மாட்டி, துளை வழியே மேலே இழுத்து, தார் வாஷர் போட்டு, நட்டை முடுக்க வேண்டும். கீழே ஒருவர் போல்ட்டைப் பிடித்துக்கொள்ள, மேலே ஒருவர் முடுக்குவார். இன்று மேலே இருப்பவர் ஒருவரே போதும். பத்து விநாடியில் ஓர் இணைப்பு முடிந்துவிடுகிறது. அந்தப் பத்து விநாடிக்குள் எத்தனை சிந்தனை அடங்கியிருக்கிறது என்பதைச் சொல்லத்தான் எனக்கு ஆசை.

திருகாணியைக் கையில் எடுத்து நுனியைப் பாருங்கள். மர ஸ்க்ரூவைப் போல ஊசியாக இருக்காது. டிரில் பிட்டின் சிறிய வடிவம் அது: இரண்டு வெட்டு விளிம்புகள், அவற்றை ஒட்டி மேல்நோக்கி ஓடும் இரண்டு பள்ளங்கள். விளிம்பு இரும்பைச் சீவுகிறது. சீவிய இரும்பு பள்ளத்தின் வழியே வெளியே வருகிறது. நுனி முடிந்து சற்று மேலே போன பிறகுதான் மரை தொடங்குகிறது. மரை இல்லாத அந்தக் கீழ்ப்பகுதியின் நீளம், பார்ப்பவர் கண்ணுக்கு ஏனோதானோ என்று விட்டது போலத் தோன்றும். இந்தத் திருகாணியின் வடிவமைப்பில் மிக முக்கியமான அளவே அதுதான்.

ஏன் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். கூரை வேலையில் அதிகம் பயன்படுவது 5.5 மில்லிமீட்டர் திருகாணி. சர்வதேசத் தர அளவுப்படி அதன் மரை ஒரு சுற்றுக்கு 1.8 மில்லிமீட்டர் முன்னேறும். 4 மில்லிமீட்டர் கனமுள்ள எஃகில் அதை இறக்குகிறோம். மெஷின் நிமிடத்துக்கு 1,500 சுற்று சுழல்கிறது. துளை முடியப் பத்து விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து விநாடியில் 250 சுற்று. 4 மில்லிமீட்டரை 250 சுற்றால் வகுத்தால், வெட்டும் நுனி ஒரு சுற்றுக்கு 0.016 மில்லிமீட்டர் மட்டுமே முன்னேறுகிறது. ஆக, ஒரே தண்டின் மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் வேகத்தில் நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம்.

இந்த இரண்டு பகுதிகளும் ஒரே நேரத்தில் இரும்புக்குள் இருந்தால் என்ன ஆகும்? மரை பிடித்த உடனே அது நுனியை அவசரமாக உள்ளே இழுக்கும். நுனியோ இன்னும் மென்று முடிக்கவில்லை, அதற்குள் விழுங்கச் சொன்னால் எப்படி? ஒன்று நுனி முறியும், அல்லது மரை தான் பிடித்த இடத்தை அரைத்துத் தள்ளி வெறுமனே சுற்றும். இரண்டும் இல்லையென்றால் மூன்றாவதாக ஒன்று நடக்கும்: மேலே இருக்கும் மெல்லிய தகட்டை மரை பிடித்துக்கொண்டு மேலே தூக்கிவிடும். கீழே பர்லின், அதாவது கூரைத் தகட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம், மேலே தகடு, நடுவில் இடைவெளி. மேலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகப் பொருந்தியது போலவே தெரியும். மழை பெய்யும்போதும் காற்று அடிக்கும்போதும்தான் உண்மை வெளிவரும்.

எனவே விதி இதுதான்: கடைசித் தகட்டை நுனி துளைத்து முடித்த பிறகே முதல் தகட்டை மரை தொட வேண்டும். மரை இல்லாத நுனிப்பகுதியின் நீளம், துளைக்க வேண்டிய மொத்தக் கனத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். மொத்தக் கனம் என்றால் இரும்பின் கனம் மட்டுமல்ல. இரண்டு தகடுகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியும் அதில் சேரும். வெப்பத்தைத் தடுக்க நடுவில் வைக்கிற பஞ்சு விரிப்பு அமுங்கிய பிறகு எவ்வளவு இருக்குமோ, அதுவும் சேரும். இன்னொரு காரணமும் உண்டு. பள்ளத்தின் மேல்முனை எப்போதும் துளைக்கு வெளியே தெரிய வேண்டும். பள்ளம் முழுவதும் துளைக்குள் மூழ்கிவிட்டால் சீவல் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே அடைத்துக்கொள்ளும். சூடு ஏறும். நுனி அங்கேயே கருகும்.

பெட்டியின் மேல் 2, 3, 5 என்று நுனிக்கு எண் போட்டிருப்பார்கள். எண் கூடக் கூட நுனி நீளமாகும், துளைக்கும் கனம் கூடும். 3ஆம் எண் நுனி ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் வரை போகும். 5ஆம் எண் நுனி 12 மில்லிமீட்டர் எஃகையும் துளைக்கும். நம் ஊர்க் கூரைகளில் தகடு அரை மில்லிமீட்டர், பர்லின் 2 மில்லிமீட்டர் என்றால் மொத்தம் இரண்டரைதான். 3ஆம் எண் தாராளமாகப் போதும். ஆனால் இரண்டு பர்லின்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இணைகிற இடம் ஒன்று எல்லாக் கொட்டகையிலும் உண்டு. அங்கேயே தகடுகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் இரண்டும் இரண்டும் நான்கு, தகடு இரண்டும் சேர்த்து ஒன்று, ஆக 5. எல்லையைத் தொட்டுவிட்டோம். மற்ற இடங்களில் வெண்ணெயாக இறங்கிய ஸ்க்ரூ அந்த இடத்தில் மட்டும் முறிந்தால், மேலே நிற்கிற தொழிலாளியைத்தான் திட்டுகிறார்கள். அவர் மேல் ஒரு தவறும் இல்லை. கையில் கொடுத்த சாமான் அந்த இடத்துக்கு உரியது அல்ல.

எண் பெரிதாக இருந்தால் எல்லா இடத்துக்கும் ஆகும் என்பதும் சரியில்லை. தகட்டோடு தகட்டைத் தைக்கிற ஓரங்களில் மொத்தக் கனமே 1 மில்லிமீட்டர்தான். ஒரு சுற்றுக்கு 1.8 மில்லிமீட்டர் ஏறுகிற மரைக்கு அங்கே ஒரு முழுச் சுற்று பிடிக்கக்கூட இரும்பு கிடையாது. பெரிய நுனி அகலமான துளையைப் போட்டுவிட்டால் பிடிப்பதற்கு எதுவும் மிஞ்சாது. அதற்கென்றே சிறிய நுனியுள்ள தையல் திருகாணிகள் தனியாக இருக்கின்றன. கனமான எஃகுக்கோ நெருக்கமான மரை வேண்டும்.

அடுத்து, இது எதனால் செய்யப்பட்டது என்பது. இரும்பைத் துளைக்க வேண்டுமென்றால் நுனி அந்த இரும்பைவிட மிகக் கடினமாக இருக்க வேண்டும். ஆனால் கடினமான எஃகு நொறுங்கும் குணம் கொண்டது. முடுக்கும்போது முறுக்கைத் தாங்காமல் ஒடியும். கடினமும் வேண்டும், வளைந்துகொடுக்கவும் வேண்டும். இதற்குக் கண்டுபிடித்த வழியை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. முதலில் கரிமம் குறைந்த மென்மையான எஃகுக் கம்பியை எடுக்கிறார்கள். குளிர்ந்த நிலையிலேயே ஒரு முனையை அடித்துத் தலையாக்குகிறார்கள். மறுமுனையை இரண்டு அச்சுகளுக்கு நடுவே கிள்ளி, டிரில் நுனியாக ஆக்குகிறார்கள். தண்டை உருட்டி மரை ஏற்றுகிறார்கள். எல்லா வடிவமும் வந்த பிறகு, கரிமம் நிறைந்த வாயுவுள்ள உலையில் வைக்கிறார்கள். கரிமம் தோலுக்குள் மட்டும், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவில் ஊடுருவுகிறது. பிறகு சட்டென்று குளிரவைத்து, மீண்டும் மிதமாகச் சூடாக்கிப் பதப்படுத்துகிறார்கள். தோல் கடினமாகிறது, உள்ளே இருக்கும் தண்டு உறுதியாகவும் ஓரளவு இளகியும் இருக்கிறது. விக்கர்ஸ் கடினத்தன்மை அளவில் தோல் குறைந்தது 530 இருக்க வேண்டும் என்கிறது சர்வதேசத் தரம். நாம் துளைக்கிற சாதாரணக் கட்டுமான எஃகு அதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது.

இதற்குப் பிறகு துருப் பிடிக்காமல் இருக்கத் துத்தநாக முலாம் பூசும் வேலை இருக்கிறது. இங்கே ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. அமிலத்தில் கழுவும்போதும் மின்முலாம் பூசும்போதும் ஹைட்ரஜன் உண்டாகி எஃகுக்குள் புகுந்துகொள்ளும். முலாம் பூசியவுடன் 200 டிகிரி அளவில் சில மணி நேரம் சூட்டில் வைத்து அதை வெளியேற்ற வேண்டும். அந்தச் சில மணி நேரத்தையும் எரிபொருளையும் மிச்சப்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட திருகாணி மெஷினில் நன்றாகத்தான் இறங்கும், நன்றாகத்தான் இறுகும். மறுநாளோ மறுவாரமோ, யாரும் தொடாமலே, தலை தனியாகத் தெறித்து விழும். இதை நான் கவனக்குறைவு என்று சொல்லமாட்டேன். கூரையின் கீழே இருப்பவர்களுக்குச் செய்கிற துரோகம் என்றுதான் சொல்வேன்.

துருப் பிடிக்காத எஃகிலேயே செய்துவிடலாமே என்று கேட்கலாம். துருப் பிடிக்காத எஃகில் பரவலாகப் பயன்படும் 304 வகையை வெப்பத்தால் கடினப்படுத்த முடியாது. அது இரும்பைத் துளைக்காது. அதனால் தண்டும் தலையும் 304 எஃகு, நுனி மட்டும் கடினப்படுத்திய கரிம எஃகு என்று இரண்டையும் பற்றவைத்துச் செய்கிறார்கள். துளைத்து முடித்ததும் நுனியின் வேலை தீர்ந்துவிடுகிறது. அது சட்டத்துக்கு அடியில் துருப்பிடித்தாலும் இணைப்புக்குக் கேடில்லை. கடலோரத்தில் அலுமினியத் தகடு போடுகிறவர்களுக்கு இது ஏற்றது.

மரப்பலகையை இரும்புச் சட்டத்தில் பொருத்தும் திருகாணியில் இன்னும் ஒரு நுட்பம் உண்டு. நுனிக்குச் சற்று மேலே இரு பக்கமும் இரண்டு சிறு இறக்கைகள் நீட்டிக்கொண்டிருக்கும். மரத்துக்குள் இறங்கும்போது அவை துளையை அகலப்படுத்தும். மரை மரத்தைப் பிடித்துத் தூக்காமல் இருக்க அது தேவை. இரும்பைத் தொட்டதும் இறக்கைகள் ஒடிந்து விழுந்துவிடும், துளை குறுகி, மரை இரும்பை மட்டும் பிடிக்கும். ஒடிய வேண்டிய இடத்தில் ஒடிவதற்கென்றே வடிவமைத்த உறுப்பு அது.

இனி தலைப்பக்கம் வருவோம். 1974 டிசம்பர் 25 விடியற்காலையில் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரை டிரேசி என்ற புயல் தாக்கியது. விமான நிலையத்தில் இருந்த கருவி மணிக்கு 217 கிலோமீட்டர் வேகத்தைக் காட்டிவிட்டு உடைந்துபோனது. நகரின் வீடுகளில் பெரும்பகுதி சிதைந்தது. பிறகு நடந்த ஆய்வுகளில் பொறியாளர்களை உலுக்கிய செய்தி ஒன்று தெரியவந்தது. பல கூரைகளில் ஆணிகளும் திருகாணிகளும் சட்டத்திலேயே இருந்தன. தகடு மட்டும் பறந்திருந்தது. காற்று ஒரே சீராக இழுப்பதில்லை. வீச்சு வீச்சாக வந்து, மணிக்கணக்கில் தகட்டைத் தூக்கித் தூக்கி விடுகிறது. ஒவ்வொரு தூக்கலிலும் தலையைச் சுற்றியுள்ள தகடு கொஞ்சம் வளைகிறது. வளைந்து வளைந்து அந்த இடத்தில் விரிசல் விடுகிறது. விரிசல் பரவியதும் தலையின் மேலேறித் தகடு கழன்றுவிடுகிறது. அதுவரை தகடுகளை ஒரே ஒரு முறை அழுத்தத்துக்கு உட்படுத்தித்தான் சோதித்து வந்தார்கள். அதன் பிறகுதான் ஆயிரக்கணக்கான முறை ஏற்றி இறக்கிச் சோதிக்கும் முறை அங்கே கட்டாயமானது. டவுன்ஸ்வில் நகரில் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தில் புயல் சோதனை நிலையம் ஒன்று 1977இல் தொடங்கப்பட்டது. தலைக்குக் கீழே அகலமான தகட்டு வாஷர் வைப்பதும், ஓரங்களில் திருகாணிகளை நெருக்கமாகப் போடுவதும் வழக்கத்துக்கு வந்தன. புயல் அடிக்கடி வரும் கடற்கரை நம்முடையது. நமக்கும் இது பாடம்தான்.

தலைக்குக் கீழே கறுப்பாக இருக்கிற ரப்பர் வாஷருக்கும் அளவு உண்டு. சரியாக இறுகிய வாஷரில், மேலே உள்ள உலோக வளையத்தின் விளிம்பைத் தாண்டி ரப்பர் லேசாக, சுற்றிலும் ஒரே அளவில் எட்டிப் பார்க்கும். எட்டிப் பார்க்கவே இல்லையென்றால் தண்ணீர் இறங்கும். பிதுங்கி வெளியே தள்ளியிருந்தால் இரண்டு வெயில் காலத்தில் ரப்பர் வெடித்துவிடும், அப்போதும் தண்ணீர் இறங்கும். அதனால்தான் இந்த வேலைக்குத் தட்டித் தட்டி முடுக்கும் இம்பாக்ட் மெஷின் வேண்டாம் என்கிறோம். இறங்கும் ஆழத்தைக் கட்டுப்படுத்தும் முனை கொண்ட ஸ்க்ரூ கன் வேண்டும். வேகமும் அப்படியே. 5.5 மில்லிமீட்டருக்கு நிமிடத்துக்கு 1,800 சுற்றைத் தாண்டக் கூடாது. கையின் அழுத்தம் குறைவாகவும் வேகம் அதிகமாகவும் இருந்தால் நுனி வெட்டாமல் உரசும். கழற்றிப் பார்த்தால் நுனி நீலம் பூத்திருக்கும். அந்த நீலம் வந்தால் பதம் போய்விட்டது என்று பொருள். எவ்வளவு அழுத்தினாலும் அது இனித் துளைக்காது. சரியாக வெட்டும்போது சீவல் சுருள் சுருளாக வரும். அந்தச் சீவலை அன்று மாலையே கூரையிலிருந்து பெருக்கிவிடுங்கள். விட்டுவைத்தால் முதல் மழையிலேயே துருப்பிடித்து, புதுத் தகட்டில் புள்ளி புள்ளியாகக் கறை ஏற்றிவிடும்.

வரைபடம் தயாரிக்கும் பொறியாளர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. லட்சக்கணக்கில் செலவாகும் கூரைக்கு, 'செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூ போடவும்' என்று ஒரே வரி எழுதிவிட்டுப் போகாதீர்கள். தண்டின் விட்டம், நீளம், நுனியின் எண், முலாமின் வகை, வாஷரின் அகலம், நடுவில் எத்தனை, ஓரத்தில் எத்தனை, பர்லின் இணைப்புகளில் எந்தத் திருகாணி என்பதையெல்லாம் நீங்கள்தான் எழுத வேண்டும். கூரை மேல் வெயிலில் நிற்பவர் ஊகித்துக்கொள்ளட்டும் என்று விடக் கூடாது. வீடு கட்டுகிறவர்கள், பெட்டியைப் பிரிக்கும் முன் பர்லினின் கனத்தையும் பெட்டியில் போட்டிருக்கும் நுனி எண்ணையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.