பசி போய், உடம்பும் இளைக்கிறதா?

நேயர்களுக்கு வணக்கம்.

"வயசாச்சுல்ல, முந்தி மாதிரி சாப்பிட முடியுமா?" இந்த ஒரு வார்த்தையைச் சொல்லியே பல வீடுகளில் ஆறு மாதத்தைக் கடத்திவிடுகிறோம். வயது ஏறினால் பசி கொஞ்சம் மட்டுப்படும், அது உண்மை. ஆனால் வயது மட்டும் ஒருவரை ஆறு மாதத்தில் நாலு கிலோ, ஐந்து கிலோ இளைக்க வைக்காது. அப்படி இளைத்தால் உள்ளே ஏதோ காரணம் இருக்கிறது, தேட வேண்டும்.

எவ்வளவு இளைத்தால் கவலைப்பட வேண்டும்? உணவை வேண்டுமென்றே குறைக்காமல், உடற்பயிற்சியும் கூட்டாமல், ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு போயிருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். 60 கிலோ இருந்தவருக்கு அது 3 கிலோ. 40 கிலோ இருக்கும் பாட்டிக்கு வெறும் 2 கிலோ. "ரெண்டு கிலோதானே" என்று விடக்கூடாது.

எடை பார்ப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. ஒரே மெஷின், காலையில் கழிப்பறை போய்வந்த பிறகு, சாப்பிடும் முன், லேசான உடையில். மெஷினைப் பாய் மேலோ கார்ப்பெட் மேலோ வைத்தால் எடை தப்பாகக் காட்டும். சிமெண்ட் தரையில் வையுங்கள். வாரம் ஒரு முறை போதும், தேதியோடு எழுதி வையுங்கள். மெஷின் இல்லாவிட்டால் வேட்டிக்கு மேல் கட்டும் பெல்ட் எத்தனை ஓட்டை உள்ளே போயிருக்கிறது, ஜாக்கெட் தோளில் தொங்குகிறதா, மோதிரம் கழன்று விழுகிறதா என்று பாருங்கள். ஒரு எச்சரிக்கை: காலிலோ வயிற்றிலோ நீர் கோத்திருந்தால் மெஷின் எடையைக் குறைத்துக் காட்டாது. சதை கரைந்த இடத்தை நீர் நிரப்பிவிடும். கன்னமும் புஜமும் ஒட்டிப்போய் வயிறு மட்டும் பெருத்தால் மெஷின் காட்டும் எடையை நம்பாதீர்கள்.

அடுத்து ஒரு கேள்வி. பசி இருக்கிறதா, இல்லையா? நன்றாகச் சாப்பிட்டும் இளைக்கிறார் என்றால் வழி வேறு. அடிக்கடி தாகம், இரவில் பல முறை சிறுநீர் என்றால் சர்க்கரை. படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, உஷ்ணம் தாங்க முடியாமை என்றால் தைராய்டு அதிகமாகச் சுரக்கிறது. இரண்டும் ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். பசியே இல்லை என்றால் தேடும் இடம் பெரியது.

முதலில் வாயைப் பாருங்கள். டார்ச் அடித்துப் பாருங்கள். ஆடும் பல், கழன்று ஆடும் பல்செட், உள்கன்னத்தில் ஆறாத புண், நாக்கில் வெள்ளைப் படலம். வெற்றிலை, புகையிலை அடக்கி வைக்கும் இடத்தைத் தனியாகப் பாருங்கள். மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணைக் கட்டாயம் காட்ட வேண்டும். மெல்ல முடியாதவர் "பசிக்கல" என்றுதான் சொல்வார், "மெல்ல முடியல" என்று சொல்ல மாட்டார்.

அடுத்தது மாத்திரைப் பை. இதை நான் அழுத்திச் சொல்வேன். வீட்டில் இருக்கும் மஞ்சப்பையை அப்படியே மேஜையில் கொட்டுங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் இருக்கும். அது பசியைக் குறைக்கும், சிலருக்கு வாய்க் கசப்பும் தரும். டாபாகிளிஃப்ளோசின் போன்றவை சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றி எடையைக் குறைக்கும். இதயத்துக்கு டிஜாக்சின் சாப்பிடுபவருக்கு திடீரென்று பசி போய்க் குமட்டினால், மருந்து உடம்பில் சேர்ந்துவிட்டதா என்று அன்றே கேட்க வேண்டும். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு இது எளிதாக நடக்கும். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் வலி மாத்திரை வயிற்றில் புண்ணாக்கும். முதியவருக்கு வலியே தெரியாமல் புண் வரும். எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். பையோடு மருத்துவரிடம் போங்கள்.

அந்தப் பையில் பசி டானிக்கும் இருக்கும். பல டானிக்குகளில் சைப்ரோஹெப்டடின் என்ற அலர்ஜி மருந்து இருக்கிறது. பசியைக் கிளப்பும், ஆனால் முதியவருக்கு மயக்கம், குழப்பம், சிறுநீர் அடைப்பு வரலாம். இதைவிட மோசம், உடம்பு தேற என்று சிலர் கொடுக்கும் டெக்சாமெத்தசோன் ஸ்டீராய்டு. முகம் உப்பும், பசி வரும், வீட்டார் சந்தோஷப்படுவார்கள். உள்ளே சர்க்கரை ஏறும், எதிர்ப்புச் சக்தி இறங்கும், ஒளிந்திருந்த காசநோய் வெளியே பரவும். காரணம் தெரியாமல் பசியை மட்டும் கிளப்புவது, தீப்பிடித்தால் அடிக்கும் எச்சரிக்கை மணியின் வயரைப் பிடுங்கிவிட்டுத் தூங்கப் போவதுபோல.

காசநோயைச் சொன்னேன். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலம் காய்ச்சல், இரவில் தலையணை நனைய வியர்வை, கூடவே இளைப்பு என்றால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை இலவசம். இருமலே இல்லாமல் கழுத்துக் கட்டியாகவும் வயிற்றிலும் காசநோய் வரும் என்பதை நினைவில் வையுங்கள். சிகிச்சையில் இருப்பவருக்கு ஊட்டச்சத்துக்காக மாதம் 500 ரூபாய் கொடுத்தது மத்திய அரசின் நிக்ஷய் திட்டம். 2024 நவம்பரிலிருந்து அது 1,000 ரூபாய்.

வயிறு, உணவுக்குழாய்: முதலில் சோறு, பிறகு கஞ்சி, பிறகு தண்ணீர் என்று படிப்படியாக அடைத்தால் தாமதிக்காதீர்கள், எண்டோஸ்கோப்பி, அதாவது வாய் வழியே கேமரா குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனை, வேண்டும். இரண்டு வாய்க்கே வயிறு நிரம்புவது, தார்போல் கறுத்த மலம், முதுகுக்கு ஊடுருவும் மேல்வயிற்று வலி, கண் மஞ்சள், இவற்றுக்கும் அதே அவசரம். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும்; மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகச் சர்க்கரை வந்து, எடையும் விடாமல் இறங்கினால் கணையத்தையும் ஒருமுறை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

மனசையும் விடக்கூடாது. துணையை இழந்து தனியாக இருப்பவர், விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக்கொள்பவர், டிவி, கோவில் எதிலும் நாட்டம் இல்லாதவர்: இது மனச்சோர்வாக இருக்கலாம், மருந்துக்குக் கட்டுப்படும்.

பரிசோதனைகளை வேகமாகச் சொல்கிறேன், நேரம் நெருங்கிவிட்டது. ரத்த அணுக்களின் எண்ணிக்கை, உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் இஎஸ்ஆர், சர்க்கரை, தைராய்டுக்கு டிஎஸ்எச், சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினின், கல்லீரல், எச்ஐவி, சிறுநீர், மார்பு எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன். எல்லாம் சரியாக இருந்தால் நிம்மதிதான், ஆனாலும் மூன்று மாதம் கழித்து மறுபடி எடையோடு போய்க் காட்டுங்கள்.

உணவைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன், ஒரு நிமிடம்தான் இருக்கிறது. மூன்று வேளையை ஆறாக்குங்கள். சாப்பாட்டுக்கு முன் டீயும் தண்ணீரும் குடித்து வயிற்றை நிரப்பாதீர்கள். கஞ்சியில் ஒரு ஸ்பூன் நெய், பொடித்த வேர்க்கடலை. ஒரு முட்டை, இல்லையென்றால் பருப்பு, தயிர். ஆனால் பத்து நாளாக ஏறக்குறைய ஒன்றுமே சாப்பிடாதவருக்கு வீட்டிலேயே ஒரேயடியாக ஊட்டிவிடாதீர்கள். ரத்தத்தில் பொட்டாசியமும் பாஸ்பேட்டும் திடீரென்று இறங்கி இதயத்தைப் பாதிக்கும். அவரை மருத்துவமனையில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உணவைக் கூட்ட வேண்டும். வணக்கம்.