மூடுபனிக் காலமும் மூச்சுக்குழாய்ச் செல்களும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஐப்பசி, கார்த்திகையில் ஏற்காட்டில் மூடுபனி இறங்கிவிட்டால் சுவர் காய்வதில்லை. பீரோவின் முதுகுப்பக்கம், பரணில் மடித்து வைத்த கம்பளி, வெளிச்சுவரின் உள்மூலை என்று கறுப்புப் புள்ளிகள் பூக்கின்றன. கீழே சேலத்தில், ஜவ்வரிசி ஆலைக் களத்தில் நனைந்து பூசணம் பிடித்த திப்பியை (மரவள்ளிக் கிழங்குச் சக்கையை)க் கிளறுபவர்களுக்கும் இதே தொல்லைதான். பூசணம் பட்டால் இழுப்பு வருகிறது என்கிறோம். அது தொடங்கும் இடம் மூச்சுக்குழாயின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் செல் அடுக்கு.

இந்தச் செல்களின் மேலுள்ள நுண்மயிர்கள் நொடிக்குப் பத்து முறைக்கு மேல் வீசி, சளியைத் தொண்டைக்கு ஏற்றுகின்றன. சாதாரணத் தூசி அதில் ஒட்டி வெளியேறிவிடும். பூஞ்சை அப்படியல்ல. உணவைத் தன் உடலுக்கு வெளியிலேயே கரைத்து உறிஞ்சும் உயிர் அது. அதற்கென்றே புரதத்தை வெட்டும் நொதிகளைக் கசியவிடுகிறது. அந்த நொதிகள் செல்லையும் செல்லையும் இணைக்கும் புரதப் பிணைப்புகளை அறுக்கின்றன. செல்லின் மேற்பரப்பில் உள்ள, வெளிச் செய்தியை உள்ளே கடத்தும் பார்-2 என்ற ஏற்பியின் நுனியையும் வெட்டுகின்றன; அந்த வெட்டே அதை முடுக்கிவிடும்.

அடுத்து நடப்பது மிக வேகமானது. செல்லுக்குள் கால்சியம் ஏறுகிறது, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி வெளியே கசிகிறது. உட்கருவில் ஏற்கெனவே செய்து வைத்திருந்த இன்டர்லூக்கின்-33 என்ற அபாயச் சமிக்ஞைப் புரதம் வெளிவருகிறது. புதிதாகத் தயாரிக்க வேண்டாம் என்பதால் நிமிடக்கணக்கிலேயே இது தொடங்கிவிடும். ஆய்வகத்தில் வளர்த்த மனிதச் செல்களிலும் எலிகளிலும் அல்டர்னேரியா பூஞ்சையின் சாற்றை இட்டுக் கண்டறிந்தவை இவை. ஒவ்வாமைக்கான ஐஜிஇ எதிர்ப்புரதம் உடலில் உருவாகியிருக்க வேண்டிய அவசியம்கூட இந்தக் கட்டத்தில் இல்லை. இன்டர்லூக்கின்-33 சில நோயெதிர்ப்புச் செல்களைத் தூண்ட, அவை இன்டர்லூக்கின்-5, 13 இரண்டையும் சுரக்கின்றன. முன்னது ஈசினோஃபில்கள் என்ற வெள்ளையணுக்களைத் திரட்டும். பின்னது சளிச் செல்களைப் பெருக்கும். கெட்டியான சளி குழாயை அடைக்கும்.

வெளியே வந்த இன்டர்லூக்கின்-33 ஆக்சிஜனேற்றத்தால் சில மணி நேரத்தில் வீரியம் இழந்துவிடும். ஆகவே பரணை ஒருநாள் தட்டியதைவிட, பூசணச் சுவரை ஒட்டிக் கட்டில் போட்டு இரவெல்லாம் படுப்பதுதான் பெரிய கேடு. சமிக்ஞை அடங்குவதற்குள் அடுத்தது கிளம்பிவிடுகிறது.

பிளீச்சிங் பவுடர் தெளித்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். செத்த பூஞ்சையின் துகளிலும் ஒவ்வாமைப் புரதம் இருக்கும். குளோரின் நெடியோ அதே செல்களை எரிச்சலூட்டும். துடைத்து எடுப்பதே வழி. என்95 முகக்கவசம் அணிந்து, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். உலர்ந்த துடைப்பத்தால் தட்டவே வேண்டாம். இழுப்பு உள்ளவர் அந்த வேலையைச் செய்யாமல் இருப்பது நல்லது. ஓட்டு ஒழுக்கை அடைக்காமல் பெயின்ட் அடிப்பது வீண்செலவு. நனைந்த பாயையும் மெத்தையையும் 48 மணி நேரத்துக்குள் காயவைத்துவிட வேண்டும். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். ஈரப்பதமானி வாங்கினால் அறைக்குள் 60 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள். மலையில் மழைக்காலத்தில் அது எளிதல்ல. வெயில் எட்டிப் பார்க்கும் நேரம் மட்டும் ஜன்னலைத் திறந்து, பனி ஏறும்முன் சாத்திவிடுங்கள். துணியை அறைக்குள் காயப்போடும் பழக்கத்தையாவது விட்டுவிடலாம்.

மருந்துக்கு வருவோம். சால்பியூட்டமால் இன்ஹேலர் இறுகிய தசையைத் தளர்த்தும், அவ்வளவுதான். செல் அடுக்கின் அழற்சியை அது தொடாது. அதைத் தணிப்பது மருத்துவர் தரும் ஸ்டீராய்டு இன்ஹேலர். முழுப் பலன் தெரிய வாரங்கள் ஆகலாம், மூச்சு சீரானதும் நிறுத்திவிடக் கூடாது. ஸ்பேசர் (இன்ஹேலரில் பொருத்தும் குழல்) வைத்து இழுங்கள், பிறகு வாய் கொப்பளித்துத் துப்புங்கள். இல்லையென்றால் வாயிலேயே பூஞ்சை படரலாம்!

இன்னொரு பூஞ்சை, ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ். வித்து 2 முதல் 3 மைக்ரான்தான். நுரையீரலின் ஆழம்வரை போகும், உடல் வெப்பத்திலும் முளைக்கும். இழுப்புக்காரருக்குப் பழுப்பு நிறச் சளிக்கட்டி வந்தால், எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்தால், அது இந்தப் பூஞ்சையின் ஒவ்வாமையாக இருக்கலாம்; ஆனால் காசநோய் என்று தவறாக எண்ணி மாத்திரை கொடுப்பது நம் நாட்டில் நடக்கிறது. அப்படிப்பட்டவர் சளிப் பரிசோதனையோடு, ஆஸ்பெர்ஜில்லஸ் ஐஜிஇ, மொத்த ஐஜிஇ இரண்டையும் இரத்தத்தில் பார்க்க வேண்டுமா என்று நெஞ்சக மருத்துவரிடம் கேளுங்கள்.

வணக்கம்.