பாம்பன் தீவின் கடல் யாருக்குச் சோறு போட வேண்டும்?

நேயர்களுக்கு வணக்கம்.

இராமேசுவரம் வருகிறவர்களுக்கு ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்பது உங்களில் பலருக்குத் தெரியும். விடியற்காலையில் அக்னி தீர்த்தத்தில் முழுக்கு, ஈரத் துணியோடு கோயிலின் 22 தீர்த்தங்கள், தரிசனம், சாப்பாடு, பிறகு வேன் பிடித்து, தனுஷ்கோடியைத் தாண்டித் தீவின் கடைசி முனையான அரிச்சல்முனை. அங்கே நான்கு படம் எடுத்துக்கொண்டு திரும்பினால் இரவு ரயில். 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தது. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலமும் திறந்துவிட்டது. இனிக் கூட்டம் கூடும்; கூடட்டும். அந்தக் கூட்டத்தால் தீவுக்காரர்கள் கையில் என்ன மிஞ்சப்போகிறது என்பதுதான் என் கவலை.

கடலைக் கெடுக்காமல் கடலை வைத்துப் பிழைக்கும் வழியை இப்போது நீலப் பொருளாதாரம் என்று மேடைதோறும் பேசுகிறார்கள். பாம்பனை அடுத்த சின்னப்பாலத்துப் பெண்களுக்கு அது புதிய பாடமே இல்லை. அவர்கள் கடல்பாசி எடுக்கிறவர்கள். புடவைக்கு மேல் ஒரு சட்டை, முகத்தில் கண்ணாடி, பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் சுற்றிய துணி, இடுப்பில் பை. மூச்சைப் பிடித்து மூழ்கி, மரிக்கொழுந்துப் பாசியையும் கட்டக்கோரையையும் கையால் பறித்துக்கொண்டு மேலே வருவார்கள். 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவான பிறகு, தாயும் பாட்டியும் போய்வந்த இடங்களே இவர்களுக்குத் தடைசெய்யப்பட்ட இடங்களாயின. பிடிபட்டால் அபராதம், பாசி பறிமுதல். அந்த நெருக்கடிக்கு நடுவிலும் கூடிப் பேசி, மாதத்தில் 12 நாள் மட்டும் கடலில் இறங்குவது, பவளப்பாறையைச் சுரண்டும் கருவிகளைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். தாங்களே தங்களுக்குப் போட்டுக்கொண்ட கட்டுப்பாடு அது.

அதே கடலில் இன்னொன்றும் நடந்தது. பிலிப்பைன்ஸ் பக்கத்துக் கப்பாபைகஸ் பாசியை மூங்கில் மிதவைகளில் கட்டி வளர்க்கும் தொழில் வந்தது. 45 நாளில் அறுவடை. பல குடும்பங்கள் அதனால் கடன் இல்லாமல் அடுப்பெரித்தன; அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் குருசடைத் தீவருகே அந்தப் பாசி உயிருள்ள பவளத்தின்மேல் போர்வைபோல் படர்ந்து அதைச் சாகடிப்பதை 2008இலேயே ஆய்வாளர்கள் பதிவுசெய்துவிட்டார்கள். இப்போது இராமநாதபுரம் மாவட்டத்தில், வளமாவூரில், 127 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் கடல்பாசிப் பூங்கா வருகிறது. நம் கடலின் சொந்தப் பாசி வகைகளைப் பெருக்குவதற்கே அந்தப் பணத்தில் முதலிடம் வேண்டும். எந்த இடத்தில் வளர்க்கலாம், எந்த இடத்தில் வைக்கக் கூடாது என்று சொல்ல, அந்தப் பாறைகளைத் தொட்டுத் தொட்டே வளர்ந்த பெண்களைவிடத் தகுதியானவர் யார்?

தண்ணீரை விட்டுவிட்டு இந்தத் தீவில் சுற்றுலாவைப் பேசவே முடியாது. தனுஷ்கோடியில் கடலுக்குச் சற்றுத் தள்ளி மணலைக் கையால் தோண்டினால் குடிக்கிற தண்ணீர் ஊறும். மணலுக்குள் இறங்கிய மழைநீர், கனமான உப்புநீரின் மேல் மெல்லிய அடுக்காக நிற்கிறது. 1964 டிசம்பர் புயல் ஊரையே கொண்டுபோன பிறகும் மீனவக் குடும்பங்கள் அங்கே ஓலைக் குடிசை போட்டு வாழ்வதற்கு இந்த ஊற்றுகள்தான் ஆதாரம். ஆழ்துளைக் கிணறு போட்டு மோட்டாரால் உறிஞ்சினால் அடியிலிருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். ஏறிய உப்பு லேசில் இறங்காது. ஆகவே ஒரு விடுதிக்கு அனுமதி தரும்போது, எத்தனை அறை என்று கேட்பதற்கு முன்னால் எத்தனை குடம் தண்ணீர், அது எங்கிருந்து வரும் என்று கேட்க வேண்டும். நாலாபுறமும் கடல் இருக்கும் ஊரில் நீச்சல்குளம் எதற்கு?

குளித்த துணியைக் கடலிலேயே விட்டுவிட்டுப் போவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். அது கடலடியில் கிடந்து பாறையை மூடுகிறது, வலையில் சிக்குகிறது.

நல்ல வழி தேடி வெகுதூரம் போகத் தேவையில்லை. தொண்டிக்குப் போகிற வழியில் காரங்காடு இருக்கிறது. அங்கே வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். கூட வந்து காட்டுகிறவர் உள்ளூர்க்காரர். மதியத்துக்கு மீனும் நண்டும் சமைத்துத் தருகிறவர்கள் உள்ளூர்ப் பெண்கள். வருகிறவர் கொடுக்கும் பணம் ஊருக்குள்ளேயே தங்குகிறது. அரிச்சல்முனையில் அரைமணி நேரம் நின்றுவிட்டு ஓடுகிறவர்களை இப்படி ஓர் ஊரில் ஒரு பகல் தங்கவைத்தாலே போதும், தீவின் வருமானம் வேறு மாதிரி ஆகிவிடும்.

2025 ஜூனில் தனுஷ்கோடியில் பூநாரைச் சரணாலயம் அறிவித்திருக்கிறார்கள். மனதார வரவேற்கிறேன். பறவை எந்த மாதம் எந்தத் திட்டில் இறங்கும் என்பதைக் கரைவலை இழுக்கிறவரிடம் கேட்டால் சொல்வார். அவரையே காவலராகவும் வழிகாட்டியாகவும் சம்பளம் கொடுத்து அமர்த்துங்கள். 1986இல் நடந்ததுபோல அவரை வெளியே நிறுத்திவிட்டு வேலி போடாதீர்கள். சரணாலயத்துக்கும் பாசிப் பூங்காவுக்கும் சுற்றுலாவுக்கும் குழு அமைக்கும்போது, பாசி எடுக்கும் பெண்களுக்குப் பாதி இடம் கொடுங்கள். மாதத்தில் 12 நாள்தான் அவர்கள் கடலில் இருக்கிறார்கள். மீதி நாள்களில் ஒன்றைப் பார்த்துக் கூட்டத்தை வையுங்கள், அதையும் சின்னப்பாலத்திலேயே வையுங்கள்.

நன்றி, வணக்கம்.