ஒரே தளமா, மாடி வீடா? செலவு எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது

(திரையில்: இடது பக்கம் 30-க்கு 40 அடியில் தரைத்தள வீடு. வலது பக்கம் 20-க்கு 30 அடியில் மாடி வீடு.)

இந்த இரண்டு வீடும் 1,200 சதுர அடிதான். இடது பக்கத்து வீடு ஒரே தளம். வலது பக்கத்து வீட்டில் கீழே 600, மேலே 600. எதற்குச் செலவு குறைவு என்று கேட்டால், "மாடி கட்டினால் அஸ்திவாரமும் பாதி, ரூஃபும் பாதி, அதனால் மாடிதான்" என்று பலர் சொல்வார்கள். அஸ்திவாரக் கணக்கில் ஓரளவு உண்மை இருக்கிறது. ரூஃப் கணக்கு நம்ம ஊருக்குச் சரிவராது.

அமெரிக்கா மாதிரி இடங்களில் மரச்சட்டம் அடித்துச் சரிவுக் கூரை போடுகிறார்கள். அங்கே மாடியின் தரை வேறு சாமான், கூரை வேறு சாமான். நமக்கு இரண்டுமே கான்கிரீட். முதல் மாடியின் தரை 600, மொட்டை மாடி 600, ஆக மொத்தம் அதே 1,200 சதுர அடிக்கு சென்ட்ரிங், கம்பி, ஜல்லி, சிமென்ட். பாதியாகக் குறைவது உச்சியில், மொட்டை மாடித் தரையில் தட்டோடு ஒட்டும் வேலை மட்டும்தான். கைப்பிடிச்சுவர் 140 அடியிலிருந்து 100 அடியாகும். அவ்வளவுதான்.

இப்போது சுவரைப் பாருங்கள்.

(திரையில்: இரண்டு வீட்டையும் சுற்றி ஒரு சிவப்புக் கோடு ஓடுகிறது.)

30-க்கு 40 வீட்டைச் சுற்றி வந்தால் 140 அடி. 10 அடி உயரம் என்றால் வெளிச்சுவர் 1,400 சதுர அடி. மாடி வீட்டின் சுற்றளவு 100 அடி, ஆனால் இரண்டு தளம். அதனால் 2,000 சதுர அடி. செங்கல், உள்பூச்சு, வெளிப்பூச்சு, பெயின்ட் எல்லாம் கூடுதலாக 600 சதுர அடிக்குச் செய்ய வேண்டும். மேல்தளத்து வெளிப்பூச்சுக்கு உயரமாகச் சாரம் கட்ட வேண்டும், கலவையும் கல்லும் மேலே ஏற வேண்டும், அந்தக் கூலியும் உண்டு.

அப்புறம் படிக்கட்டு. தரைக்குத் தரை 10 அடி, ஒரு படி ஏழு அங்குலத்துக்குள் என்று வைத்தால் 18 படி வரும். நடுவில் திரும்பும் படிக்கட்டாக, 3 அடி அகலத்தில் கட்டினாலும் 65 சதுர அடிக்குக் குறையாது. அதை வீட்டுக்குள் வைத்தால் இரண்டு தளத்திலும் அந்த இடம் போகும். மொத்தம் 130 சதுர அடி, 10-க்கு 13-ல் ஒரு படுக்கையறை. ஒரு நியாயம் சொல்ல வேண்டும்: தரைத்தள வீட்டிலும் தண்ணீர்த் தொட்டிக்கும் துணி காயப்போடவும் வற்றல் காயவைக்கவும் மாடிப்படி கட்டத்தான் செய்கிறோம். ஆனால் அதை வெளியே வைத்துவிடலாம். உள்ளே இடம் போகாது.

சரி, மாடி வீடு எங்கே ஜெயிக்கிறது? மண்ணில்.

பேஸ்மட்டத்தை 3 அடி உயர்த்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 1,200 சதுர அடிக்கு நிரப்ப 3,600 கன அடி, அதாவது 36 யூனிட் மண் வேண்டும். 600 சதுர அடி என்றால் 18 யூனிட். சென்னையில் ரோடு போடப் போட ரோடு உயர்ந்து வீடு தாழ்கிறது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு தாழ்வான பகுதிகளில் வீடு கட்டுகிறவர்கள் பேஸ்மட்டத்தை இன்னும் ஏற்றச் சொல்கிறார்கள். ஏற்றும் ஒவ்வோர் அடிக்கும் தரைத்தள வீட்டுக்கு 12 யூனிட், மாடி வீட்டுக்கு 6 யூனிட்.

கோவில்பட்டி, விருதுநகர் பக்கம் கரிசல் மண்ணில் கட்டுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் இன்னும் பெரிது. கரிசல் மழையில் ஊதும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். அந்த ஆட்டம் எட்டாத ஆழத்துக்கு அஸ்திவாரம் போக வேண்டும், சில இடங்களில் பைல், அதாவது ஆழமாக இறங்கும் கான்கிரீட் தூண், இறக்க வேண்டும். தரைக்குக் கீழே காசு போகிற ஊரில், தரையில் குறைவாகக் கால் வைக்கும் வீடுதான் லாபம். கெட்டியான செம்மண்ணோ பாறையோ மூன்று நான்கு அடியில் கிடைத்தால், இதே லாபம் சுவருக்கும் படிக்கட்டுக்கும் சரியாகப் போய்விடும்.

மனை விலையும் இதே மாதிரிதான். மூன்று சென்ட் என்பது சுமார் 1,307 சதுர அடி. நாலு பக்கமும் விட வேண்டிய இடம் போக, கட்டக் கையில் இருப்பது கிட்டத்தட்ட 800 சதுர அடிதான். அங்கே 1,200 சதுர அடி தரைத்தள வீடு என்ற பேச்சே இல்லை. அதற்காக இன்னும் ஒரு சென்ட், ஒன்றரை சென்ட் சேர்த்து வாங்கும் காசில் மேல்தளத்தில் பெரும்பகுதி ஏறிவிடும் ஊர்கள் இருக்கின்றன. சொந்த ஊரில் பத்து சென்ட் சும்மா கிடக்கிறது என்றால் இந்தக் கணக்கே வேண்டாம். அங்கே வயதான அம்மா அப்பா படி ஏறாமல் இருக்கலாம், அதுவே பெரிய விஷயம்.

அனுமதி வாங்குவதில் பெரிய வித்தியாசம் இல்லை. தமிழ்நாட்டில் 2,500 சதுர அடி வரை உள்ள மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமோ தரைத்தளமும் ஒரு மாடியுமோ கட்ட 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி கிடைக்கிறது.

எனக்கு உண்மையில் கவலை தருவது மூன்றாவது வகை வீடு.

(திரையில்: மொட்டை மாடியில் துருப்பிடித்து நிற்கும் பில்லர் கம்பிகள்.)

"இப்போதைக்குக் கீழே மட்டும், மாடி பிறகு பார்ப்போம்." நம்மில் பாதிப் பேர் இப்படித்தான் ஆரம்பிக்கிறோம். என் சித்தப்பா வீட்டிலும் அப்படித்தான். ஒன்பது வருடம் கழித்து மாடி எடுக்கப் போனபோது கம்பி செதில் செதிலாக உதிர்ந்தது. பில்லரின் தலையை உடைத்து, நல்ல கம்பி வரும்வரை இறங்கி, புதுக் கம்பி இணைக்க வேண்டியிருந்தது. ஒட்டிய தட்டோட்டைப் பெயர்த்தார்கள். மாடிப்படிக்கு மேலே கட்டிய கூண்டை இடித்தார்கள். ஒரே வேலைக்கு இரண்டு முறை பணம்.

பிறகு மாடி வரும் என்றால், முதல் நாளிலேயே இரண்டு தளத்துக்கும் சேர்த்து ஃபுட்டிங் (பில்லருக்கு அடியில் வரும் அஸ்திவாரம்), பில்லர் டிசைன் செய்யச் சொல்லுங்கள். மொத்தச் செலவில் அது கூட்டுவது கொஞ்சம்தான். நீட்டிவிட்ட கம்பிக்குச் சிமென்ட் பால் அடித்து, மேலே லேசான கான்கிரீட் போட்டு மூடச் சொல்லுங்கள். பில்லரே இல்லாத பழைய சுவர்க் கட்டு வீடாக இருந்தால், கொத்தனார் "தாங்கும்" என்று சொன்னதை மட்டும் வைத்து மாடி எடுக்காதீர்கள். ஒரு கட்டமைப்புப் பொறியாளர் வந்து அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்க்கட்டும்.

ரேட் பேசும்போது இன்னொன்று. மேல்தளத்துக்குச் சதுர அடி ரேட் குறைவாகச் சொல்வது வழக்கம், ஏனென்றால் அதில் அஸ்திவாரம் இல்லை. அதைக் கீழ்த்தள ரேட்டோடு ஒப்பிட்டு மாடி மலிவு என்று முடிவுகட்ட வேண்டாம். சம்ப், செப்டிக் டேங்க், போர், காம்பவுண்ட் சுவர், படிக்கட்டு எல்லாம் ரேட்டுக்குள் வருகிறதா என்று எழுதி வாங்குங்கள். இரண்டு பிளானுக்கும் மொத்தத் தொகையாகக் கேளுங்கள். அதற்கும் முன்னால் மண் பரிசோதனை செய்துவிடுங்கள். ஃபுட்டிங் வரைபடத்தில் ஒரு நகலைப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். மாடி எடுக்கப் போவது உங்கள் பிள்ளைகளாக இருந்தாலும், கீழே என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.