கேன் சோடாவுல இருக்கிற நார் குடலுக்குள்ள என்ன செய்யுது?

[காட்சி: தி.நகர் சூப்பர் மார்க்கெட். குளிர்பெட்டியில கலர் கலரா கேன்கள்.]

வணக்கம். போன மாசம் எங்க அம்மா ஒரே சாயங்காலத்துல ரெண்டு கேன் ப்ரீபயாடிக் சோடா, அதாவது நார் சேர்த்த சோடா, குடிச்சாங்க. "குடலுக்கு நல்லது"ன்னு போட்டிருந்துச்சு, நம்பிக் குடிச்சாங்க. ராத்திரி முழுக்க வயிறு உப்பி, தூங்கவே இல்ல. ஏன் அப்படி ஆச்சுன்னு தேடிப் படிச்சதைத்தான் இப்ப உங்ககிட்ட சொல்லப்போறேன்.

கேனைப் பின்பக்கம் திருப்புங்க. பொடி எழுத்துல 'இனுலின்', இல்லன்னா 'சிக்கரி வேர் நார்'னு இருக்கும். நம்ம ஃபில்டர் காபிப் பொடியில கலக்கிற அதே சிக்கரிதான். காபிக்காக வறுக்கும்போது இனுலின்ல ஒரு பகுதி சிதைஞ்சிடும். சோடாவுக்கு வறுக்காத வேர்லேருந்து பிரிச்சு எடுக்கிறாங்க.

[காட்சி: மணி கோத்த மாலை மாதிரி ஒரு சங்கிலி. இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல் வழியா நகருது.]

இனுலின்ங்கிறது ஃப்ரக்டோஸ்ங்கிற சர்க்கரை மணிகளை வரிசையா கோத்த சங்கிலி. அந்த மணிகளோட இணைப்பை அறுக்கிற நொதி நம்ம உடம்புல கிடையாது. அதனால சிறுகுடலைத் தாண்டி, செரிக்காம அப்படியே பெருங்குடலுக்குப் போய்ச் சேருது. அங்க குடியிருக்கிற பாக்டீரியாக்களுக்கு, முக்கியமா பிஃபிடோபாக்டீரியாவுக்கு, அதுதான் சாப்பாடு. அதுங்க நாரைப் புளிக்கவைக்கும்போது அசிடேட், புரோபியோனேட், பியூட்ரேட்னு சின்னச் சின்ன கொழுப்பு அமிலங்கள் உண்டாகும். இதுல பியூட்ரேட் பெருங்குடல் சுவர்ல இருக்கிற செல்களுக்கு முக்கியமான எரிபொருள். நாம சாப்பிட முடியாத ஒண்ணை அதுங்க சாப்பிட்டு, நமக்கே திருப்பித் தருதுங்க. இதைப் படிச்சப்ப எனக்கு நிஜமாவே சிலிர்த்துச்சு.

ப்ரோபயாடிக்னா உயிரோட இருக்கிற நல்ல பாக்டீரியா. ப்ரீபயாடிக்னா அதுக்குப் போடுற தீனி. ரெண்டாவது வார்த்தையை 1995ல கிப்சன், ராபர்ஃப்ராய்ட்னு ரெண்டு விஞ்ஞானிகள் கொண்டுவந்தாங்க.

புளிக்கும்போது வாயுவும் வரும். இட்லி மாவு பொங்கறதைப் பார்த்திருப்பீங்க இல்லையா, அதே கதைதான். இனுலின் வேகமா புளிக்கும். அதோட சோடாவுல இருக்கிற வாயுவும் சேருது. எங்க அம்மாவுக்கு ஐ.பி.எஸ். (IBS), அதாவது அடிக்கடி வயித்து வலியும் உப்புசமும் வர்ற குடல் பிரச்சினை வேற இருக்கு; நாலு சின்ன வெங்காயம் சாப்பிட்டாலே வயித்தைப் பிடிச்சுக்கும். வெங்காயத்துலயும் பூண்டுலயும் இருக்கிறது இதே குடும்பத்து நார். கேனோட முன்பக்கத்துல இதை யாரும் எழுதறதில்ல.

[காட்சி: எண்கள் திரையில.]

இப்ப அளவைப் பார்ப்போம். பெரியவங்களுக்கு ஒரு நாளைக்குக் குறைஞ்சது 25 கிராம் நார் வேணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அமெரிக்காவுல பாப்பிங்கிற பிராண்டோட கேன்ல இருந்தது 2 கிராம். இவ்வளவு கொஞ்சம் வெச்சுக்கிட்டு குடலுக்கு நல்லதுன்னு சொல்லலாமான்னு 2024ல வழக்கு போட்டாங்க. கம்பெனி தப்பை ஒத்துக்கல, ஆனா 89 லட்சம் டாலர் கொடுத்து சமரசம் பண்ணிக்கிச்சு. அதே பாப்பியை 2025ல பெப்சிகோ 195 கோடி டாலருக்கு வாங்குச்சு. கோகோ கோலாவும் அதே வருஷம் 6 கிராம் நாரோட சிம்ப்ளி பாப்னு ஒண்ணு இறக்குச்சு.

அப்போ இது வீணான்னு கேட்டா, இல்ல. சாதாரண கோலா 330 மில்லி கேன்ல சுமார் 35 கிராம் சர்க்கரை. பாப்பி மாதிரி கேன்ல 5 கிராம் அளவுதான். தினமும் கோலா குடிக்கிற பையன் இதுக்கு மாறினா அது நல்ல லாபம்; அந்த லாபம் சர்க்கரை குறைஞ்சதால வர்றது. சோடா பழக்கமே இல்லாதவங்க குடலுக்காக இதை ஆரம்பிக்க வேண்டியதில்லன்னு நான் உறுதியா சொல்லுவேன்.

[காட்சி: வடபழனி ரோட்டோரம். கூழ் வண்டி, மண்பானை, தட்டுல மோர்மிளகாய்.]

ஏன்னா இந்த வண்டி இங்க இருக்கு. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தோட 2017 அட்டவணைப்படி 100 கிராம் கம்புல சுமார் 11 கிராம் நார்; அதே அளவு பாலிஷ் அரிசியில 3 கிராம்கூட இல்ல. ஒரு சொம்பு கூழ்ல தண்ணிதான் அதிகம், அதனால 11 கிராமும் வந்துடாது. ஆனா கம்புல இருக்கிறது ஒரே வகை நார் இல்ல, பல வகை. கூட கடிச்சுக்கிற வெங்காயத்துல இனுலின் குடும்பமும் வந்துடுது. பழைய சோறும் அப்படித்தான்: வெந்த சோறு ஆறும்போது அதுல கொஞ்சம் மாவுச்சத்து செரிக்காத வடிவத்துக்கு மாறி, பாக்டீரியாவுக்குத் தீனியாகும். குடலுக்குள்ள நூத்துக்கணக்கான இனம் இருக்கு. ஒரே சிக்கரி நாரை மட்டும் கொட்டிக்கிட்டே இருந்தா எல்லாத்துக்கும் பசி ஆறாது.

நார் அதிகம் சாப்பிட்டுப் பழக்கம் இல்லன்னா எதையும் கொஞ்சமா ஆரம்பிங்க, தண்ணி நிறைய குடிங்க. ஐ.பி.எஸ். இருக்கிறவங்க டாக்டர்கிட்ட கேட்காம இனுலின் கேனைத் தொடாதீங்க.

இன்னொண்ணு. மலத்துல ரத்தம், காரணமில்லாம எடை குறையுறது, வாரக்கணக்குல வயிறு உப்புசம் இதெல்லாம் இருந்தா சோடாவும் வேண்டாம், கூழும் வேண்டாம், முதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க. சென்ட்ரல் எதிர்ல ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலயும், வடசென்னையில ஸ்டான்லியிலயும் குடல் நோய்க்குத் தனிப் பிரிவே இருக்கு.